மஸ்டாங்கும் மீன்கூடையும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆர். ரோட்டில் 160 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். ஓட்டியவன் என் அக்கா மகன். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

அக்கா வீடு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம். பையனுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல சம்பளம். அக்கா மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அவன் பாட்டுக்கு ஒரு ஃபோர்டு மஸ்டாங்கைப் பார்த்து, பேசி, முடித்து, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். செகண்ட் ஹேண்ட்தான். மஞ்சள் கலர். 'நிச்சயதார்த்தம் இல்லாமலே மஞ்சள் பூசி வந்துட்டாடா' என்றாள் அக்கா போனில்.

மஸில் கார் என்பது 1960-களில் அமெரிக்கர்களுக்கு வந்த ஆசை. ஊரில் எல்லோரும் ஓட்டுகிற மாதிரி ஒரு காரை எடுத்துக்கொண்டு அதற்குள் மகா பெரிய வி-8 இன்ஜினை வைப்பது. மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-ம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. (விஷயம் தெரிந்தவர்கள் 'அது மஸில் கார் இல்லை, போனி கார்' என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) ஐம்பது வருஷம் கழித்துத்தான் அந்தக் கம்பெனிக்கு, உலகத்தில் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற ஜனங்களும் இருக்கிறார்கள் என்பது உறைத்து, நமக்குத் தோதான ஸ்டீயரிங்கோடு ஃபாக்டரியிலேயே செய்தார்கள். 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். ஐந்து லிட்டர் இன்ஜின், 400 குதிரை சக்தி. நாம் கொண்டாடிய மாருதி 800-ன் இன்ஜின்கள் ஆறைச் சேர்த்துக் கட்டினாலும் ஐந்து லிட்டர் தேறாது.

இதில் ஒரு வேடிக்கை. செங்கல்பட்டிலிருந்து லோக்கல் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மறைமலை நகர். ஃபோர்டு ஃபாக்டரி அங்கேதான் இருந்தது. ஐகான், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் அங்கே பிறந்தவை. மஸ்டாங் மட்டும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. 2022-ல் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட்டும் வெளியே வந்து, கார் செய்வது நின்றே போனது.

சரி, பையனுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஈ.சி.ஆரில் கோவளம் வரை ஒரு விரட்டு, திரும்பி வந்து இட்லி. இதுதான் அவன் வழக்கம். அக்கா அவன் திரும்பும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா கை நடுங்குதுடா. நீ சொன்னா கேப்பான். ஒரு தடவை கூடப் போயிட்டு வா.'

போனேன். திருக்கழுக்குன்றம்வரை சாது. வேகத்தடைகளில் அடிவயிறு இடித்துவிடக் கூடாதே என்று பிள்ளைத்தாச்சி மாதிரி ஏறி இறங்கினான். மாமல்லபுரம் தாண்டி ரோடு அகலமானதும் வண்டி ஒரு உறுமு உறுமியது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. சாளுவன்குப்பம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பட்டிபுலம் தாண்டி நடுத்திட்டின் இடைவெளியில் ஒரு அம்மா நின்றிருந்தாள். தலையில் மீன்கூடை. ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டாள்.

அவள் கணக்கில் தப்பே இல்லை. தூரத்தில் ஒரு கார் வருகிறது, அது வந்து சேர்வதற்குள் கடந்துவிடலாம் என்பது அவள் வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கில் 160 கிலோமீட்டர் கிடையாது. அவன் பிரேக்கை மிதித்தான். பெல்ட் என் மார்பை அறுத்தது. கார் அலறி, நடுங்கி, அவளுக்கு மூன்று கார் நீளம் இருக்கும்போது நின்றது. அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். திட்டக்கூட இல்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு அவள் பாட்டுக்குக் கடந்து போய்விட்டாள்.

'பிரேக் சூப்பர் மாமா. பாத்தீங்கல்ல?' என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கோவளத்தில் டீ குடித்த பிறகுதான் நாக்கு வேலை செய்தது. பொது ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம் என்றேன். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய். 2019-ல் திருத்தி 5,000 ரூபாய், மூன்று மாதம்வரை ஜெயில் என்று ஆக்கினார்கள். 'நான் யாரோடயும் ரேஸ் விடலையே மாமா' என்றான். அடுத்து நான் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

'வேகமாப் போகணும், அவ்வளவுதானே? இருங்காட்டுக்கோட்டைக்கு வா. பணம் நான் கட்டறேன்.'

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டும். சின்ன வயசில் என் மாமா என்னை சோழவரத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு என்று வாரநாளில் ஆபீஸ் போகிற வண்டிகளெல்லாம் அன்றைக்கு மட்டும் பேய் பிடித்த மாதிரி ஓடும். புழுதி, பெட்ரோல் நாற்றம், வறுத்த வேர்க்கடலை. பிறகு 1990-ல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் போட்டது. இரண்டு ஊருமே அந்த நாளைய செங்கல்பட்டு ஜில்லா. இன்றைக்கு ஒன்று திருவள்ளூர், இன்னொன்று காஞ்சிபுரம். 2019-ல் மறுபடி முளைத்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ரெண்டுமே இல்லாமல் போய்விட்டது.

டிராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவுகள். ரேஸ் இல்லாத நாட்களில் சில சமயம் 'டிராக் டே' நடத்துவார்கள். உங்கள் சொந்தக் காரையே கொண்டுபோகலாம். யாரும் ஜெயிப்பதில்லை, பரிசு இல்லை. காசு கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொல்லிக்கொடுத்தபடி சுற்ற வேண்டியது. எதிரே வண்டி வராது. மாடு வராது. மீன்கூடை வராது. ஆம்புலன்ஸ் மட்டும் ஓரமாக இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கும்.

முதல்நாள் ராத்திரி பையன் போன் பண்ணினான். 'மாமா, இன்ஷூரன்ஸ் பேப்பரைப் படிச்சேன். ரேஸ், ஸ்பீடு டெஸ்ட்டுக்கெல்லாம் கிடையாதுன்னு போட்டிருக்கு. அங்க இடிச்சா என் காசு.'

'ஆமா, கவனமா ஓட்டு' என்றேன். ஈ.சி.ஆரில் ஒரு நாளும் இந்த யோசனை அவனுக்கு வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

காலையில் சிங்கபெருமாள் கோயில், ஒரகடம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கார் ஃபாக்டரிகள். டிராக்கில் பதினைந்து வண்டிகள் இருக்கும். காரிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில், பிள்ளையார் பொம்மை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். பிரேக் போட்டால் உள்ளே பறக்குமாம். சொல்லிக்கொடுக்கிறவர் ஐம்பது வயசுக்காரர், ஒல்லி, ரேஸ் ஓட்டியவர். கொடிகளை விளக்கினார். மஞ்சள் என்றால் ஆபத்து, சிவப்பு என்றால் எல்லாரும் மெதுவாக உள்ளே வர வேண்டும், நீலம் என்றால் பின்னால் ஒருத்தர் வேகமாக வருகிறார், வழி விடு. 'உங்களுக்கு நீலக் கொடி நிறையக் காட்டுவாங்க தம்பி' என்றார் மஸ்டாங்கைப் பார்த்து. பையன் சிரித்தான்.

அவர் ஜோக் அடிக்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே பார்த்தேன். நேர்ப்பாதையில் மஸ்டாங் இடி மாதிரி எல்லாரையும் தாண்டிப் போகிறது. வளைவு வந்ததும் ஒரு கிழட்டு மாருதி எஸ்டீம், மஸ்டாங்கில் பாதி எடைகூட இருக்குமோ என்னமோ, உள்பக்கமாகப் புகுந்து டாட்டா காட்டிவிட்டுப் போகிறது. ஓட்டியவர் வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கிற கட்டை மனிதர். முன்னால்தான் என்னோடு நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் எடைதான். மஸ்டாங் 1,700 கிலோவுக்கு மேல். வலுவான இன்ஜின் அதை 180-க்குக் கொண்டுபோவது சுலபம். 180-லிருந்து 60-க்கு இறக்குவது பிரேக்கின் தலையெழுத்து. ஓட்டத்தில் இருக்கிற சக்தி எங்கேயும் மாயமாக மறைந்துவிடாது, சூடாக மாறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மிதிக்கு வருகிற சூடு, சுமார் ஆறு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். ஆறு டம்ளர் இல்லை, ஆறு லிட்டர். அதைத் தட்டு சைஸ் டிஸ்க்குகள் தாங்க வேண்டும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு. ரோட்டில் நீங்களும் நானும் ஒரு தடவை அழுத்தி மிதித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா ஓட்டுவோம். இங்கே வளைவுக்கு வளைவு மிதி.

நாலாவது சுற்றில் எஸ்டீம் வந்தது. அதன் பின்னால் ஒரு சிவப்பு கார் வந்தது. ஒரு வெள்ளை. மஞ்சள் வரவில்லை.

தூரத்தில் மஞ்சள் கொடி அசைந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு. ஆம்புலன்ஸ் நகர்ந்தது. நான் பிட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அக்காவிடம் நான்தான் கூட்டிப்போனேன் என்று சொல்ல வேண்டும். பணம்கூட நான்தான் கட்டினேன்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது. மஸ்டாங் உடம்பெல்லாம் மண்ணோடு, ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஊர்ந்து வந்தது. பையன் இறங்கினான். உதடு வெளுத்திருந்தது. 'பெடல் உள்ள போயிடுச்சு மாமா. மிதிச்சேன், ஒண்ணுமே இல்ல. பஞ்சு மாதிரி. அப்படியே மண்ணுக்குள்ள போயி நின்னேன்.'

ஹேண்ட் பிரேக்கைப் போட மறுபடி கையை உள்ளே விட்டான். 'தொடாதீங்க, டிஸ்க் கொதிக்குது. அப்படியே விடுங்க' என்று சொல்லிக்கொடுக்கிறவர் தடுத்தார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவை டார்ச் அடித்துப் பார்த்தார். டீ டிகாக்ஷன் நிறம்.

'எப்ப மாத்தினீங்க?'

'வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு சார். மாத்தலை. முன்னாடி வெச்சிருந்தவர்…'

'அவர் மாத்தினாரா?'

தெரியாது.

அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், வாத்தியார் பெற்றோரிடம் சொல்கிற மாதிரி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 என்கிற ரகம் புதுசில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிப்போனால் அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. ஆயிலை அழுத்த முடியாது, அதனால்தான் மிதித்த பலம் சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அழுத்தலாம். நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழியைத்தான். வேகமாக நாலு தடவை மிதித்து விட்டால் சில சமயம் கொஞ்சம் பிடிக்கும், அதற்கு அவகாசம் இருந்தால். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், கடலோரத்துக்காரர்கள் முன்னாலேயே மாற்றுங்கள். 'கார் மேல ஒரு தப்பும் கிடையாது சார். ஆயிலு பழசு, அவ்வளவுதான்.'

உங்கள் வண்டியில் எப்போது மாற்றினீர்கள்? எனக்கும் பதில் தெரியவில்லை. நான் வைத்திருப்பது பத்து வருஷத்து வேகன்-ஆர்.

பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான், 'சார், ரோட்ல ஒரே ஒரு தடவை ஃபுல் பிரேக் போட்டா?'

'ஒரு தடவைக்கு நிக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை போட்டீங்கங்கறதுதான் கேள்வி.'

அவன் மேலே எதுவும் கேட்கவில்லை. சாளுவன்குப்பத்திலிருந்து பட்டிபுலம்வரை எத்தனை லாரியை, எத்தனை பஸ்ஸைப் பார்த்து மிதித்தான் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஒரகடத்தில் ஷேர் ஆட்டோக்கள்கூட எங்களைத் தாண்டிப் போயின. சிங்கபெருமாள் கோயில் ரயில்வே கேட் பக்கம் வந்ததும், 'அந்தம்மா எந்த ஊரா இருக்கும் மாமா?' என்றான்.

'பட்டிபுலமா இருக்கலாம், நெம்மேலியா இருக்கலாம்.'

'தினமும் அந்த நேரத்துக்குத்தான் வருவாங்க இல்ல?'

'மீனுக்கு ஏதுடா ஞாயித்துக்கிழமை' என்றேன்.

அக்காவிடம் மண்ணுக்குள் போன கதையை இன்றுவரை சொல்லவில்லை. வண்டி ஏன் இவ்வளவு அழுக்கு என்று கேட்டதற்கு, ரோடு போடுகிறார்கள் என்றான். இரண்டு வாரம் கழித்து அவளே போன் பண்ணினாள். 'இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை எட்டு மணிவரைக்கும் தூங்கறான்டா. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு.'

போன மாதம் மறுபடி இருங்காட்டுக்கோட்டை போகிறேன் என்றான், இந்தத் தடவை அவன் காசில். எனக்கு வேலை இருந்தது. பிரேக் ஆயில் மாற்றினாயா என்று மட்டும் கேட்டேன். வாட்ஸ்அப்பில் பில் வந்தது. ஆயில் இரண்டு பாட்டில், முன் சக்கரத்துக்குப் புது பிரேக் பேட். சாயங்காலம் இன்னொரு மெசேஜ்:

'எட்டு சுற்று மாமா. பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. எஸ்டீம் சார் ரெண்டு தடவைதான் தாண்டினார்.'