அடுத்த கப்பல்

போன வருடம் ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு கப்பல்களில் போனேன். அடுத்தடுத்து, ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல். காலையில் ஒரு கப்பலிலிருந்து இறங்கி, மாலையில் வேறொரு கப்பலில் ஏறினோம். அலுவலகத்தில் சொன்னபோது, “அதான் ஒருதடவ போயாச்சே, மறுபடியும் எதுக்கு?” என்று கேட்டார்கள். காசு அதிகமோ என்றும் ஒருவர் கேட்டார். காசு அதிகமில்லை. இரண்டாவது கப்பலில் கடைசி நேரத் தள்ளுபடி கிடைத்தது. எனக்கு எட்டு நாள் விடுப்பு இருந்தது. அம்மாவுக்கு எண்பது வயது. இவை மூன்றும் இனி ஒன்றாக அமையாது என்று தோன்றியது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பினாங்கைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். அதிலும் ஜெரெஜாக் தீவைப் பார்க்க வேண்டும்.

1952ல் நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ரஜுலாவில் ஏறியபோது அம்மாவுக்கு எட்டு வயது. ரஜுலாவைப் பற்றி இங்கே பழைய ஆட்களிடம் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல். எட்டாயிரத்துச் சொச்சம் டன். போர்க்காலம் நீங்கலாக, 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமைத்தான் இப்போது கிள்ளான் துறைமுகம் என்கிறோம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவராவது அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அம்மாவின் குடும்பமும் அப்படித்தான் வந்தது. வழியில் யாருக்கோ அம்மை கண்டதால், பினாங்கு எதிரே தெரிந்தும் இறங்க விடாமல் ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் வைத்திருந்தார்களாம். அப்போது அது தொற்றுத் தடுப்பு முகாம். சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு எப்படியோ, பினாங்குக்கு ஜெரெஜாக் அப்படி.

முதல் கப்பல் மெரினா பே முனையத்திலிருந்து கிளம்பியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். பதினாறு மாடி. மரினா சவுத் பியர் எம்ஆர்டியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோது அம்மா ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “இதுல எங்க பாப்பா கப்பல் இருக்கு? ஹெச்டிபி புளோக் மாதிரில்ல இருக்கு” என்றார். அதன்பின் மூன்று இரவும் அவருடைய புகார் அதுவாகத்தான் இருந்தது. ஆடவில்லை. கரி வாசனை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை. கடல் எங்கே என்று கேட்டால் லிப்ட் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. சாப்பாட்டை மட்டும் குறை சொல்லவில்லை. காலையில் இட்லி இருந்தது. சாம்பாரில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

பினாங்கை நெருங்கும் நாளில் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பிவிட்டார். சால்வையைப் போர்த்திக்கொண்டு திறந்த தளத்தில் நின்றோம். மணி ஐந்து, ஆறு, ஏழு. மலை தெரிந்தது, கட்டடங்கள் தெரிந்தன. ஜெரெஜாக் வரவே இல்லை. நேரே ஜார்ஜ் டவுனில் சுவெட்டன்ஹாம் துறையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள்.

நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஜெரெஜாக் பினாங்குக்குத் தென்கிழக்கே, இப்போதைய இரண்டு பாலங்களுக்கு நடுவே இருக்கிறது. 1985ல் திறந்த முதல் பாலத்துக்கு அடியில் இவ்வளவு உயரமான கப்பல் நுழைய முடியாது. வடக்கு வழியாகச் சுற்றித்தான் துறைக்கு வர வேண்டும். அம்மா வந்த காலத்தில் பாலம் இல்லை. இதையெல்லாம் கைபேசியில் படம் காட்டி விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, “எனக்குக் கால் வலிக்குது, நான் எறங்கல” என்றார். இறங்கவும் இல்லை. துறையைப் பார்த்தபடி அறையிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பினாங்கு அப்படிப் போயிற்று.

இரண்டாவது கப்பலும் கிள்ளான் துறைமுகம் போய்ப் பினாங்குக்குத்தான் போகிறது, அங்கே இறங்கிக் காரில் போய்ப் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னேன்.

ஒரே கப்பலில் அடுத்தடுத்துப் போவது சுலபம் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். அறையைக்கூடக் காலி செய்ய வேண்டாம், புது அட்டை கொடுப்பார்கள், முடிந்தது. வேறு கப்பல் என்றால் எல்லாம் முதலிலிருந்து. முதல் நாள் இரவே பெட்டியில் வண்ணச் சீட்டைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் போட வேண்டிய துணி, மருந்து, கடப்பிதழ் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு நடைபாதையில் ஓடினேன். நல்லவேளை, பெட்டி இன்னும் வாசலிலேயே இருந்தது. காலையில் சீட்டின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெட்டி மலையில் நம் பெட்டியைத் தேட வேண்டும். நான்காயிரம் பேர் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொரு நான்காயிரம் பேர் புதுத் தொப்பியோடு வந்துகொண்டிருப்பார்கள். நேற்றுவரை நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பணியாளர் அடுத்த ஆளின் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கப்பல் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் ஒப்பந்தம், அந்த மாதங்களில் முழு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. நாம் இறங்கும் நாள்தான் அவர்களுக்கு இடுப்பொடியும் நாள்.

ஒன்பதரை மணிக்கு வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது கப்பல் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து கிளம்புகிறது. அது சின்ன முனையம். தலைக்கு மேலே செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் ஓடுவதால் உயரமான கப்பல்கள் அங்கே வர முடியாது. டாக்சியில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதிவு இரண்டு மணிக்குத்தான் ஆரம்பம்.

“வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாமா?” என்று அம்மா கேட்டார். வீடு யீஷூனில் இருக்கிறது. போகலாம்தான். ஆனால் நான்கு பெட்டியோடு போய், மறுபடி வந்து... வேண்டாம் என்றேன். சொந்த ஊரிலேயே பெட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு போக்கிடமில்லாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கோப்பி வாங்கிக்கொடுத்தேன். அம்மா இருமினார்.

இருமல் முந்தைய இரவே ஆரம்பித்திருந்தது. விடியலில் தளத்தில் நின்ற காற்று. காய்ச்சல் இல்லை என்று தொட்டுப் பார்த்து நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒன்றரை மணிக்குப் பதிவு வரிசையில் நின்றபடி கைபேசியில் உடல்நலப் படிவத்தை நிரப்பினேன். இப்போதெல்லாம் எல்லாக் கப்பல்களிலும் இது உண்டு. கடந்த சில நாட்களில் காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்ததா? எனக்கு ‘இல்லை’. அம்மாவுக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு, “கவுண்டர்ல யாராச்சும் கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. இருமாதீங்க. இருமல்னு சொன்னா ஏத்த மாட்டாங்க, காசும் போயிடும்” என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்கக்காவும் அப்படித்தான் சொன்னா” என்றார்.

பெரியம்மாவின் கதை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். 1952ல் தாத்தா ஊருக்கு வந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது பெரியம்மாவுக்குப் பதினான்கு வயது. நாகையில் மருத்துவச் சோதனையில் அவருக்கு அம்மை என்று நிறுத்திவிட்டார்கள். பாட்டியிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். “அடுத்த கப்பல்ல கூப்பிட்டுக்கிறேன்” என்றாராம் தாத்தா. தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அடுத்த கப்பலுக்குக் காசு புரளவில்லை. 1953ல் மலாயாவின் குடிநுழைவு விதிகள் இறுகின. எதற்கெடுத்தாலும் தாள் கேட்டார்கள். தாள் சேர்வதற்குள் பெரியம்மாவுக்கு அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. இதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை. ‘அடுத்த கப்பல்’ என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. “என்ன, அடுத்த கப்பல்ல வருமா?” என்று அப்பாகூடக் கிண்டல் செய்வார்.

அம்மா அன்று சொன்னது வேறு.

“அக்காவுக்கு முகத்துல ஒண்ணுமே இல்ல பாப்பா. முதுகுலதான் ரெண்டு மூணு கொப்புளம். ராத்திரி எங்கிட்ட காட்டி, யார்ட்டயும் சொல்லாத, ஏத்த மாட்டாங்கன்னா. நான் சரின்னுட்டேன். காலைல டாக்டர் எனக்குக் கண்ணு, நாக்கெல்லாம் பாத்தாரு. நல்ல மனுசன். கெட்டிக்காரப் புள்ளைன்னு கன்னத்துல தட்டுனாரு. அப்ப நான் சொல்லிட்டேன். அக்காவுக்கு முதுகுல இருக்குன்னு. எதுக்குச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கெட்டிக்காரின்னு இன்னொரு தடவ சொல்லுவாருன்னு நெனச்சிருப்பேன்.”

வரிசை நகர்ந்தது. பெட்டிகளைத் தள்ளினேன்.

“பெரியம்மாவுக்கு இது தெரியுமா?”

“பக்கத்துலதானே நின்னா.”

1979ல் அம்மா ஒருமுறை எம்.வி. சிதம்பரத்தில் சென்னைக்குப் போய் அங்கிருந்து நாகைக்குப் போனார். எனக்கு அப்போது மூன்று வயது. என்னை அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போனார். ஆறு வருடம் கழித்து அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் இறந்துபோனார்கள். அதோடு இந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. அந்தப் பயணத்தில் அம்மா அக்காவோடு இருபது நாள் இருந்தார். ஒரு வார்த்தை இதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும் அன்று பெரியம்மாவே சொன்னாராம்: “எனக்குத் தண்ணின்னாலே பயம்டி. அன்னிக்கு எப்படியும் நான் ஏறியிருக்க மாட்டேன்.”

“பொய்யி” என்றார் அம்மா. “வாய்க்கால்ல மீனு மாதிரி நீந்துவா.”

பெரியம்மா 2019ல் காலமானார். அம்மாவால் போக முடியவில்லை. வீடியோவில் பார்த்தார்.

கவுண்டருக்கு நான்கைந்து பேர் இருக்கும்போது நான் படிவத்தைத் திறந்து, ‘இருமல்’ என்பதற்கு ‘ஆம்’ என்று மாற்றப் பார்த்தேன். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது என்றது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. முகப்பில் இருந்த பெண் கடப்பிதழை வாங்கியதுமே அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், “சாயா பாத்தோக்” என்று சொல்லித் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக உட்காரச் சொன்னார்.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்த நாற்பது நிமிடத்தில் கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா நிம்மதியாக இருந்தார். கப்பலின் தாதி வந்து காய்ச்சல் பார்த்தார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், முகக்கவசம் கொடுத்தார், இரண்டு நாள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வர வேண்டாம், அறைக்கே அனுப்புகிறோம் என்றார். ஏறச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ‘இல்லை’ என்று எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

இரண்டாவது கப்பல் பழையது. தளம் லேசாக அதிர்ந்தது. கதவைத் திறந்தால் டீசல் வாசனை. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. செந்தோசாவைத் தாண்டும்போது செயின்ட் ஜான்ஸ் தீவைக் காட்டினேன். சிங்கப்பூரில் இறங்க வந்தவர்களை வைத்திருந்த இடம் என்றேன். “நல்லா மரமா இருக்கு” என்றார். மீண்டும் பாதுகாப்புப் பயிற்சி, மீண்டும் உயிர்காப்புச் சட்டை எங்கே என்ற விளக்கம். மூன்று நாளில் இரண்டாவது முறையாக ஆபத்துச் சங்கொலியைக் கேட்ட அம்மா, “இதுல நான் இப்ப பாஸ் பண்ணிடுவேன்” என்றார். கிள்ளானில் இறங்கவில்லை. தாதி சொன்னபடி அறையிலேயே கஞ்சி குடித்தார். பினாங்கு வருவதற்குள் இருமல் அடங்கியிருந்தது.

சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி கிராப் பிடித்தோம். அங்கிருந்து குவீன்ஸ்பே பேரங்காடி அரை மணி நேரம். எதிரே கடலோரம் சுவர் கட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஜெரெஜாக். பச்சையாக ஒரு குன்று, அவ்வளவுதான். தொழுநோயாளிகளை வைத்திருந்ததும், அம்மாவை வைத்திருந்ததும், 1969லிருந்து 1993வரை கைதிகளை வைத்திருந்ததும் அதே குன்றுதான். இங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இவ்ளோ கிட்டயா இருந்துச்சு?” என்றார். “பினாங்கு எங்கயோ இருக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அங்க ராத்திரியெல்லாம் அழுவேன். அம்மா, அப்பாவைத் தேடுறேன்னு நெனச்சுக்குவாங்க. அப்பாவ ஆம்பளைங்க பக்கம் வச்சிருந்தாங்க. நான் அதுக்கு அழுவல.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை.

“அக்காவும் வந்திருந்தா இங்கதான் என்கூட இருந்திருப்பா. அம்மை வந்தவங்களையும் இங்கதானே வச்சிருந்தாங்க. செத்தா போயிட்டாங்க? ஏத்தியிருக்கலாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அப்புறம் கப்பல் முழுக்க வந்திருக்கும். சின்னக் கொழந்தைங்கள்லாம் இருந்துச்சு” என்றார். எழுபது வருடமாக இந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

படம் எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கெளம்பு பாப்பா. நேரமாச்சுன்னா விட்டுட்டுப் போயிடுவான்” என்று எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். கப்பல் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.