முகப்பூச்சு சொல்லும் காலக்கதை

காலத்தைக் கணிக்க நாட்காட்டி ஒன்றே கருவியன்று; மணமகளின் முகப்பூச்சும் காலத்தைக் காட்டும். எங்கள் குடும்பத்துத் திருமணப் படங்களை வரிசையாக வைத்தால், பின்புறம் எழுதிய ஆண்டைப் பாராமலே இது எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடலாம்.

1940களில் மணம் முடித்த பாட்டியின் முகத்தில் கண்மையைத் தவிர வேறு பூச்சு இல்லை. விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. அயல்நாட்டு ஒப்பனைப் பொருள்களால் அந்நியச் செலாவணி கரைவதைக் கண்டு பிரதமர் நேரு கவலையுற்றார் என்பர். அவர் தூண்டுதலால் டாட்டா குழுமம் 1952இல் ‘லாக்மே’ நிறுவனத்தைத் தொடங்கிற்று. தன் காலில் நிற்க விழைந்த நாடு, தன் முகப்பவுடரையும் தானே செய்யத் துணிந்த பத்தாண்டு அது.

1960களில் மணமான சித்தியின் கண்மை, இமையோரத்தைத் தாண்டி மீன்வால்போல் நீள்கிறது. திரையில் சரோஜாதேவியின் கண்களைக் கண்ட பெண்கள் பலர் அவ்வாறே எழுதிக்கொண்ட காலம். 1963இல் வந்த ‘கிளியோபாட்ரா’ ஆங்கிலப் படத்தில் எலிசபெத் டெய்லரின் கண்களிலும் அத்தகைய நீண்ட கோடே இருந்தது. 1980களின் படங்களிலோ சாந்துப்பொட்டின் இடத்தை ஒட்டுப்பொட்டு பிடித்துக்கொண்டது.

மையும் பொட்டும் இப்படி மாறிக்கொண்டே வந்தன. மாறாமல் நின்றது ஒன்று: சிவப்பாகத் தோன்ற வேண்டும் என்னும் ஏக்கம். அதையே வாணிகமாக்கிய ‘ஃபேர் அண்டு லவ்லி’ களிம்பு 1975இல் கடைக்கு வந்தது. நாளிதழ்களின் ‘மணமகள் தேவை’ பகுதியில், படிப்புக்கும் குடும்பத்துக்கும் இணையாக நிறமும் கேட்கப்பட்டது.

என் அக்காள் நல்ல கறுப்பு. 1977இல் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா இருமுறை பவுடர் பூசி அனுப்பினார். வந்திருந்த மூதாட்டி காபியைக் கையில் வாங்காமலே, “முகத்தைக் கழுவிவிட்டு வாம்மா” என்றார். அக்காள் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று சொல்லிச் சென்றவர்களிடமிருந்து கடிதம் வரவேயில்லை. அன்றிரவு அவள் உண்ணவில்லை, அழவும் இல்லை.

மறு ஆண்டு, அவள் குணத்தை அறிந்த நல்லவர் ஒருவர் அவளை மணந்தார். ஆனால் திருமணப் படத்தில் இருப்பவள் என் அக்காள் அல்லள். அந்நாளைய படப்பிடிப்பாளர்கள் நெகடிவில் பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள்; தீட்டிய இடம் படத்தில் வெளுத்து விழும். பவுடர் பாதி, பென்சில் பாதி எனச் சேர்ந்து வேறொரு பெண்ணை உண்டாக்கிவிட்டன. பிற்காலத்தில் அவள் மகள் அப்படத்தைக் காட்டி, “அப்பாவின் பக்கத்தில் நிற்பது யார்?” என்று கேட்டாள்.

அந்த மகளுக்கு 2009இல் திருமணம். ஒப்பனை செய்ய வந்த பெண், இரண்டு படி வெளுத்த பூச்சு ஒன்றை எடுத்தாள். அக்காள் அவள் கையைப் பிடித்து, “என் பிள்ளையின் நிறத்துக்குப் பொருந்துவதையே பூசம்மா. நாளை படத்தில் அவளை நான் அடையாளம் காண வேண்டும்” என்றாள். எங்கள் குடும்பப் படங்களிலேயே எனக்குப் பிடித்தது அந்தத் திருமணப் படம்தான்.

2020இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, அந்தக் களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்னும் சொல் நீக்கப்பட்டது. பெயர் மாறிற்று, நம் பேச்சு மாறிற்றா? பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், ‘நலமா’ என்பதற்கு முன் ‘என்ன நிறம்’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. கடும் வெயிலிலிருந்து உடலைக் காக்கும் இயற்கைக் கவசமே கருந்தோல் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒப்பனை தீதன்று. திருநாளில் வீட்டுக்கு வண்ணம் தீட்டுவதுபோல், மகிழ்ச்சியில் முகத்துக்கும் அழகு செய்கிறோம். முகத்தை அழகுசெய்வது வேறு. வெட்கி மறைப்பது வேறு. நம் பெண்மக்கள் கண்ணாடி முன் நிற்கும்போது இவ்விரண்டில் எதைச் செய்கிறார்கள் என்பது, சிறுவயதில் அவர்கள் செவியில் விழும் நம் சொற்களைப் பொறுத்தது. இந்தப் பத்தாண்டின் படங்களைப் பின்னாளில் எடுத்துப் பார்ப்பவர்கள், அவற்றில் நம் பிள்ளைகளின் சொந்த முகங்களைக் காணட்டும்.