அப்பியங்கம்

திருக்கோயில்களிலே திருமுழுக்கின் முதற்கண் எண்ணெய்க்காப்புச் சாத்துதலை ஆகம வழக்கில் ‘தைலாப்பியங்கம்’ என்பர். இதன்கண் உள்ள ‘அப்பியங்கம்’ என்னுஞ் சொல், ‘அபி’ என்பதும் ‘அங்கம்’ என்பதும் புணர்ந்து உறுப்புக்கள்தோறும் பூசுதல் எனப் பொருள்பட்டது என்று, யான் மடத்துப் பாடசாலையிற் பயின்ற காலத்து எம் ஆசிரியர் உரைத்தனர். அவர் திருவடி என் சென்னிமேலது. ஆயினும் அவ்வுரை எனக்கு உடன்பாடன்று.

அவ்வாறு பிரித்தற்குப் புணர்ச்சி இடந்தருதல் மெய்யே. ஆனால் அதே பொருளில் ‘அப்பியஞ்சனம்’ என்றும் வடநூலார் வழங்குவர். அச்சொல்லில் அங்கம் யாண்டுளது? இரண்டற்கும் வேர் ‘அஞ்ஜ்’ என்னுந் தாதுவேயாம். பூசுதல், மெழுகுதல் என்பன அதன் பொருள். ஈற்று ஜகரம் ககர இனமாய்த் திரிதல், ‘பஞ்ஜ்’ என்பதினின்று ‘பங்கம்’ பிறத்தல் போல்வது.

தைலம் என்பது திலத்திற் பிறந்த பெயர். எண்ணெய் என்பது எள்ளின் நெய். இருமொழியாரும் எள்ளின் பெயரையே பிறவற்றிற்கும் நீட்டினர். நிலத்தடியில் எடுப்பதும் மண்ணெண்ணெய் ஆயிற்று. எள்ளுக்கு அதில் என்ன உரிமையோ! நெய் என்பதோ பண்டு ஆனெய்க்கும் எண்ணெய்க்கும் பொதுப்பெயர். திருவையாற்றை அடுத்த திருநெய்த்தானத்து இறைவர்க்கு நெய்யாடியப்பர் என்பது திருநாமம். ஈண்டு ஆடுதல் முழுகுதலாம். நம்மவர் ‘காப்பு’ என்றது இவையெல்லாவற்றினும் எனக்கு இனிது. திருநீற்றுக்கும் அதுவே பெயரன்றோ?

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியாயின் எழுதப் புகேன். சென்ற மார்கழியில் எம்மூர்க் கோயிலில் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, “ஐயா, இறைவனை நிரஞ்சனன் என்கிறீர்கள். பூச்சற்றவன்மேல் எண்ணெய் பூசுதல் முரணன்றோ?” என்றனர். குறும்பிற் பிறந்த வினாவன்று அது. தந்தையாரை இழந்த துயரில், வழிபாட்டையே விட்டொழிக்கலாமா என்னும் எண்ணத்தோடு நின்றவர் அவர்.

தம்மையறியாமலே அவர் ஒரு வேரின் இரு கிளைகளைப் பற்றியிருந்தனர். நிரஞ்சனன் என்பதிலும் உள்ளது அஞ்ஜ் என்னுந் தாதுவே. அஞ்சனம் மை; சித்தாந்திகள் கொள்ளுமிடத்து அது மலம். இப்பூச்சு மறைப்பது. அத்தாதுவே ‘வி’ என்னும் உபசர்க்கத்தோடு கூடியவழி ‘வியக்தம்’ என்றாகி, வெளிப்பட்டது எனப் பொருள்தரும். திருவுருவங்களை வியக்தம், அவ்வியக்தம், வியக்தாவியக்தம் எனப் பகுத்ததும் இதுபற்றியே. மறைத்தலும் விளக்கலும் ஒரு தாதுவில் அடங்கின.

இவற்றை அவர்க்கு விரித்துரையாது, தென்புறக் கோட்டத்துத் தட்சிணாமூர்த்தியின் திருமுன் அழைத்துச் சென்றேன். உலர்ந்த கருங்கல்லில் விரல்களும் இதழ்களும் மங்கிக் கிடந்தன. குருக்கள் எண்ணெய் சாத்தினர். சின்முத்திரை துலங்கிற்று, திருவாயின் குறுநகையும் தோன்றிற்று.

“பூசியது அவர்மேல், விளங்கியது யார் கண்ணுக்கு?” என்றேன்.

அவர் விடை கூறாது நெடும்பொழுது பார்த்துக்கொண்டு நின்றனர். மறுவாரம் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு கலயம் கொணர்ந்து குருக்களிடம் கொடுத்துச் சென்றனர்.