தகப்பனார் கையெழுத்து

உபாத்தியாயராகிய நம்மிடம் பெற்றோர் பலவித அத்தாட்சிகளைக் கேட்டு வருவதுண்டு. சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர், நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் வந்தார். கனடாவில் வசிக்கும் தமையனாரைக் காணக் குழந்தைகள் இருவருடன் புறப்படுகிறார். கணவருக்கு ரஜா கிடைக்கவில்லை. "குழந்தைகளை அழைத்துப் போக அவர்களுடைய அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டுமாமே, ஸார்! பெற்றவளுக்குமா சிபார்சு?" என்று மனம் நொந்து கேட்டார்.

கேள்வி நியாயமானதே. எனினும், தம்பதிகள் மனம் வேறுபட்டபோது ஒருவர் மற்றவர் அறியாமல் குழந்தையைக் கடல் கடந்து கொண்டு சென்றுவிடும் துயரம் உலகெங்கும் நிகழ்கிறது. அதன் பொருட்டே 1980-ல் ஹேக் உடன்படிக்கை ஏற்பட்டது. நம் தேசம் அதில் இன்னும் சேரவில்லை. ஆகவே, போன குழந்தையை மீட்பது எளிதன்று; புறப்படும்போதே விசாரிப்பதுதான் காப்பு. தனியே அழைத்துச் செல்லும் தகப்பனாரையும் இதே கேள்வி கேட்பார்கள்.

கனடா சர்க்கார் இக்கடிதத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கவில்லை. கையில் இருப்பது நலம் என்கிறது. தென்னாப்பிரிக்காவோ 2015-ல் பத்திரங்களைக் கட்டாயமாக்கி, 2019-ல் அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு விதியைத் தளர்த்தியது. தேசத்துக்குத் தேசம் வழக்கம் மாறுவதால், போகுமிடத்து விதியை முன்கூட்டியே விசாரித்தறிதல் அவசியம்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாயாரின் பெயரோடு அவருடைய தகப்பனார் பெயர் இருக்கும். குழந்தையின் பெயரோடு அதன் தகப்பனார் பெயர் இருக்கும். அயல்நாட்டு அதிகாரி இவற்றைப் பார்த்து, "இவர்கள் தாயும் பிள்ளையுந்தானா?" என்று ஐயுற்றால் குற்றமில்லை. இருவர் பெயரையும் தாங்கிய பிறப்புச் சான்றிதழே அவ்வையத்தைத் தீர்க்கும்.

எனவே, குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் கைப்பையிலேயே இருக்கட்டும். சம்மதக் கடிதத்தில் புறப்படும் நாள், திரும்பும் நாள், தங்கும் விலாசம், தகப்பனாரின் தொலைபேசி எண் யாவும் கண்டு, நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாவது உத்தமம். துணைவரை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழையும், பிரிந்து வாழ்பவர்கள் நீதிமன்ற உத்தரவையும் கொண்டு செல்லவேண்டும். விடுமுறை முடிந்ததும் பையன் வகுப்புக்குத் திரும்பவேண்டியவன் என்பதற்குப் பள்ளியின் கடிதமொன்றையும் நாம் வாங்கிக் கொடுத்தோம்.

கணவரின் கையெழுத்தை அனுமதிச் சீட்டென்று எண்ணித் தாய்மார் வருந்த வேண்டாம். உடன்வர இயலாத தகப்பனார், தம் குழந்தைகளுக்குத் துணையாக அனுப்பிவைப்பது அது என்று கொள்ளலாம்.