சேவலா, பெட்டையா?

கோழி வளர்க்காத வீடு நம் பங்குகளில் மிகக் குறைவு. முற்றத்தில் சிந்திய தானியத்தையும் அடுப்படியில் மிஞ்சிய சோற்றையும் தின்று வளர்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கும், விருந்தினர் வந்தால் குழம்புக்கும் கைகொடுப்பது கோழிதான். இத்துணை நெருக்கமாகப் பழகிய வீட்டாரிடமே ஆறு வாரக் குஞ்சொன்றைக் கையில் பிடித்து, "இது சேவலா, பெட்டையா?" என்று கேட்டுப் பாருங்கள். தகப்பனார் ஒன்று சொல்வார். பாட்டி வேறொன்று சொல்வார். பள்ளிக்குப் போகும் பிள்ளை மூன்றாவதாக ஒன்று சொல்ல முடியாத காரணத்தால் மட்டுமே பேசாமல் இருக்கும்.

இவ்வினாவுக்கு விடை தெரியும் என்று நாம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நம்பிக்கையால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பையே இங்கு எழுத முற்படுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய சிற்றூரில், பங்கு இல்லத்தின் பின்புறம் ஒரு கோழிக்கூடு இருந்தது. நமக்கு முன்பிருந்த குருக்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சேர்த்துவிட்டுப் போன கோழிகள் அதில் இருந்தன. சிறுவிடைப் பெட்டைகள் சில. அசில் கலப்புடைய நெடிய பெட்டை ஒன்று. பண்ணையில் கழித்து விற்ற வெள்ளை லெகான் இரண்டு. சாம்பல் நிறத்தில் குறுக்குவரி ஓடிய பெட்டை ஒன்று. யாரோ காணிக்கையாகத் தந்த கடக்நாத் கருங்கோழிகள் ஒரு சோடி. மொட்டைக்கழுத்துக் கோழியும் ஒன்று. சேவல்கள் இரண்டு. எந்த முட்டைக்கு எந்தச் சேவல் தந்தை என்பதை நம் கோவில்பிள்ளையும் அறியார்.

கோவிலுக்குப் பின்தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய ஒரே மகள் நகரத்தில் தாதியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அவர் நம்மிடம் வந்து, அடைக்கோழி ஒன்றை வாரத்துக்குத் தருமாறு கேட்டார். கோழியும் முட்டையும் நம்முடையவை. வளர்ப்பும் காவலும் அவருடையவை. குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. கிராமத்து வழக்கம் அது. பதின்மூன்று முட்டைகள் வைத்தோம். இருபத்தோராம் நாளில் பதினொன்று பொரித்தன. ஒன்றைப் பருந்து தூக்கிற்று. மீதிப் பத்தும் ஏழாம் வாரத்தில் கூடையில் ஏறிப் பங்கு இல்லத்து முற்றத்துக்கு வந்தன.

நாம் அவருக்கு நன்மையே செய்ய விரும்பினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பெட்டைகள் ஐந்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, சேவல்களை நாம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும் என்றாலும், ஐந்து பெட்டைகள் என்றால் மகளின் விடுதிச் செலவில் ஒரு பகுதியாவது கழியும் அல்லவா? எனவே கூடையைத் திறந்து நாமே பிரிக்கலானோம்.

கொண்டை சிவந்து பருத்திருந்தால் சேவல். வெளிறிச் சிறுத்திருந்தால் பெட்டை. நாம் படித்திருந்த விதி இவ்வளவே. வெள்ளைக் குஞ்சுகள் மூன்றுக்கும் கொண்டை நன்கு எழுந்து இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. சேவல் பக்கம் வைத்தோம். கறுப்பு இரண்டுக்கும் கொண்டையில் சிவப்பே இல்லை, பெட்டை என்றோம். அசில் கலப்பு இரண்டுக்கும் கொண்டை இருப்பதே தெரியவில்லை. அவையும் பெட்டை என்றோம். அம்மையார் கறுப்புக் குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தார்; அதன் காலைத் தடவிப் பார்த்தார்; வாய் திறக்கப் போனவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமி சொன்னா சரிதான்" என்று கூடையில் இட்டுக்கொண்டார். நம் பங்குக்கு வந்த ஐந்தையும் மறுவாரமே சந்தையில் விற்று, அன்னையின் திருவிழா அன்னதானக் கணக்கில் சேர்த்தோம்.

இரண்டு மாதம் சென்றிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் பின்தெருவிலிருந்து, தொண்டை இன்னும் உடையாத, இழுத்து இழுத்துக் கூவும் குரல் ஒன்று கேட்டது. சிறிது நேரத்தில் இன்னொன்று. சேவல் கூவிய பின்னரே தம் தவற்றை உணர்ந்தவர் நமக்கு முன்பே ஒருவர் உண்டு என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கறுப்பு இரண்டும், அசில் கலப்பில் ஒன்றும் சேவல்கள். நாம் விற்ற வெள்ளை மூன்றும் விடைக்கோழிகளாய் யார் வீட்டிலோ முட்டைக்கு இடம் தேடிக்கொண்டிருந்திருக்கும். அல்லது அதற்கு முன்பே சட்டிக்குப் போயிருக்கும்.

அவர் வீட்டுக்கே சென்று கேட்டோம்: "அம்மா, அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்ததா?"

"தெரிஞ்சுது சாமி. அந்தக் கறுப்பு ரெண்டும் காலே உலக்கை மாதிரி இருந்துச்சு. நிக்கிற நிலையும் வேற."

"பின் ஏன் சொல்லவில்லை?"

"சாமி சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்றது?"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்து வந்த நமக்கு, நம் சொல்லுக்கு இப்படியும் ஒரு விளைவு உண்டு என்பதை அன்றுதான் ஒருவர் நேருக்கு நேர் சொன்னார். நம் கூட்டிலிருந்து முட்டையிடும் பெட்டைகள் மூன்றைக் கொடுத்தனுப்பினோம். இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதையும் "அடைக்கு" என்றே சொல்லி வைத்துக்கொண்டார்.

பிறகுதான் இப்பொருளை ஒழுங்காகக் கற்கத் தொடங்கினோம். நூல்களிலிருந்து பாதியும், அவரிடமிருந்து பாதியும்.

முட்டையிலேயே அறியலாம் என்பது பழைய நம்பிக்கை. கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார் நம் ஊர்களில் உண்டு. உரோமை நாட்டு வேளாண் அறிஞர் கொலுமெல்லாவும் அவ்வாறே எழுதி வைத்தார். அவருக்கு முன்னரே அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறாகக் கூர்முட்டையே பெட்டை என்று எழுதிவிட்டார். இருவரையும் குருமடத்தில் மதிக்கக் கற்ற நமக்கு, இருவருமே இதில் தவறினர் என்பது ஒருவாறு ஆறுதல் அளித்தது. முட்டையின் வடிவுக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் அணுவால் அமைகிறது. கோழியில் அது தாயின் அணுவால் அமைகிறது. பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளை ஏசும் மாமியார்கள் அந்த ஏச்சைக் கோழிக்கூட்டுக்குள் கொண்டுபோனால் ஓரளவு பொருந்தும். வீட்டுக்குள் சிறிதும் பொருந்தாது.

பொரித்த அன்றே பால் பிரிக்கும் முறைகளும் உள்ளன. 1920களில் ஜப்பானிய அறிஞர்கள் குஞ்சின் எச்சத்துவாரத்தை ஆராய்ந்து அறியும் முறையை வகுத்தனர். நீண்ட பயிற்சி பெற்ற கைகளுக்கே அது வசப்படும். நாம் முயன்றால் குஞ்சுதான் துன்புறும். நிறத்தால் பிரிப்பது மற்றொரு முறை. குறுக்குவரிப் பெட்டையை வரியில்லாத கறுப்புச் சேவலோடு சேர்த்தால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளில் தலையில் வெண்புள்ளி உள்ளது சேவல், இல்லாதது பெட்டை. தாயும் தந்தையும் இன்னவை என்று தெரிந்த இடத்தில் இது பொய்ப்பதில்லை. நம் கூட்டைப் போல எல்லாம் கலந்த இடத்தில் இதை நம்புவது, தகப்பன் பெயர் தெரியாமல் ஞானஸ்நானப் பதிவேடு எழுதுவதைப் போன்றது.

முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு தரும் பொரிப்பகங்களில் இப்பிரிவினையின் விளைவு கொடிது. முட்டைக் கோழி இனச் சேவற்குஞ்சுகளை அன்றே அழித்துவிடும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஜெர்மனி நாடு 2022 முதல் அதைச் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. நம் முற்றத்தில் சேவலுக்கு அத்தகைய நிலை இல்லை. குழம்பு வரையேனும் அது வாழ்கிறது.

கொண்டைக்கு வருவோம். அவ்விதி முற்றிலும் தவறன்று. ஒரே இனக் குஞ்சுகளிடையே, ஒரே நாளில் பொரித்தவற்றிடையே ஒப்பிடும்போது ஆறு, ஏழு வாரத்தில் அது ஓரளவு உதவும். கலப்பினக் கூட்டத்தில் ஒன்றின் கொண்டையை மற்றொன்றின் கொண்டையோடு ஒப்பிட்டதே நம் பிழை. லெகான் இரத்தம் உள்ள பெட்டைக்குக் கொண்டை இயல்பிலேயே பெரிது. விரைவில் பருவமடைவதால் முன்னதாகவே சிவக்கும். அசில் வழியில் கொண்டை தலையோடு ஒட்டி மூன்று சிறு வரம்புகளாக எழும்; சேவலிலும் நெடுநாள் அடங்கியே இருக்கும். கருங்கோழிக்குச் சேவலாயினும் கொண்டை கருமை பாய்ந்தது. அதில் சிவப்பைத் தேடியவர் தம் அறியாமையைத்தான் கண்டடைவார்.

நிமிர்ந்த நடையும் அப்படியே. அசில் பெட்டையும் தளபதி போலத்தான் நிற்கும். சண்டையிடுவதும் சான்றாகாது, குஞ்சுப் பருவத்தில் பெட்டைகளும் நெஞ்சோடு நெஞ்சு மோதும். கூவுவதுகூட முழுச் சான்று அன்று. பெட்டைக்கு இடப்புறச் சூலகம் ஒன்றே இயங்குகிறது. அது நோயால் கெட்டுவிட்டால் முதிய பெட்டை சேவலின் இறகும் குரலும் பெறுவதுண்டு. 1474இல் பாசல் நகரத்தார் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவலை விசாரித்துத் தீயிலிட்டனர் என்பது வரலாறு. அதுவும் இவ்வாறு மாறிய பெட்டையாக இருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எந்த இனமாயினும் பெரும்பாலும் பொய்க்காத அடையாளம் இறகில் உள்ளது. அதை நமக்குக் காட்டியவர் அந்த அம்மையாரே. பன்னிரண்டு வாரம் அளவில் குஞ்சைப் பிடித்து, வாலுக்கு முன்னே முதுகு சரியும் இடத்தில் இறகை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். சேவலுக்கு அங்கே மெலிந்து, நீண்டு, நுனி கூர்ந்த பளபளப்பான இறகுகள் முளைத்துப் பக்கவாட்டில் தொங்கத் தொடங்கும். பெட்டைக்கு நுனி வளைந்த, அகன்ற இறகுகளே. கழுத்திறகிலும் இவ்வேறுபாடு உண்டு. மொட்டைக்கழுத்தில் கழுத்திறகு இல்லாமையால் முதுகையே பார்க்க வேண்டும். கருங்கோழியில் நிறம் ஏமாற்றலாம். இறகின் கூர்மை ஏமாற்றுவதில்லை. "கண்ணால பாக்காதீங்க சாமி, விரலால பாருங்க" என்றார். அவர் சொன்னபடி விரலால் பார்த்தோம். வேறுபாடு இருட்டிலும் தெரியும்.

அவர் கால் தடித்திருந்தது என்று சொன்னதும் மெய்யே. ஆனால் அது தினமும் தீனி வைக்கும் கைக்கு மட்டுமே தெரியும் அடையாளம். ஏழு வாரமும் காலை மாலை அவற்றைத் தொட்டுத் தூக்கி அடைத்தவர் அவர். நாம் பார்த்தது அரைமணி நேரம்.

அவ்வாண்டே அந்தப் பெட்டையை மீண்டும் அடைவைத்தார். ஒன்பது குஞ்சுகள். இம்முறை பதின்மூன்றாம் வாரம் வரை பிரிக்கவில்லை. பிரிக்கும் நாளில் நாம் திண்ணையில் அமர்ந்துகொண்டோம். கூடையை அவர் திறந்தார். எட்டைச் சொல்லிப் பிரித்துவிட்டு, ஒன்பதாவதை மட்டும் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். அசில் கலப்பு. முதுகில் இறகு இன்னும் பாதிதான் முளைத்திருந்தது.

"இதை என்ன சொல்றீங்க சாமி?" என்று நம்மைக் கேட்டார்.

"தெரியவில்லை அம்மா" என்றோம்.

"எனக்கும் இன்னும் தெரியலை" என்று சிரித்துக்கொண்டே அதைக் கீழே விட்டார். அது இருவர் பங்கிலும் சேராமல் மேலும் மூன்று வாரம் முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது.