பிரஷ் இல்லா மோட்டாரின் பூர்வீகம்

காவிரி டெல்டாவின் நெல்வயல்களில், கடைமடையான வேளாங்கண்ணிப் பக்கம் வரை, மருந்து தெளிக்கப் பறக்கும் ட்ரோனின் கைகளில் சுழலும் மோட்டாரும், பொழுதுபோக்காகப் பறக்கவிடப்படும் மாதிரி விமானத்தின் மூக்கில் சுழலும் மோட்டாரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரஷ்லெஸ் மோட்டார் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் இக்கருவியின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் பல தடங்கள் பிரிகின்றன. அவற்றுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் போய் நிற்கிறது.

பழைய மோட்டாரில் கம்பிச்சுருள் சுழலும். அதற்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் கரித்துண்டான பிரஷ், சுழலும் செம்புப் பட்டைகளின்மேல் உரசிக்கொண்டே இருப்பதால் நாளடைவில் தேயும், தீப்பொறியும் எழும். 1957இல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கவிட்ட ‘ரேடியோ குயின்’ மின்விமானம் இத்தகைய மோட்டாரையே நம்பியிருந்தது. சுருளை அசையாமல் நிறுத்திக் காந்தத்தைச் சுழலவிட்டால் பிரஷுக்கு வேலையில்லை. ஆனால் எந்தக் கணத்தில் எந்தச் சுருளுக்கு மின்னோட்டத்தைத் திருப்புவது என்பதை முடிவு செய்ய வேறொன்று வேண்டும். அப்பொறுப்பை டிரான்சிஸ்டர்களிடம் ஒப்படைக்கும் வழியை வில்சன், டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1962இல் ஓர் ஆய்வுரையில் விளக்கினர். இன்று அதைச் செய்வது ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மூன்று தொகுதிச் சுருள்களில் அந்நேரம் மின்சாரம் பெறாத ஒன்றில் தோன்றும் மின்னழுத்தத்தைக் கவனித்து, காந்தம் எங்கே இருக்கிறது என்பதை அது அறிந்துகொள்கிறது.

சுவையான தடம் காந்தத்தினுடையது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாடோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தமே சிறு மோட்டாருக்குப் பெரும் வலிமை தந்தது. நியோடிமியம் என்ற தனிமத்தை 1885இல் பிரித்தறிந்த ஆஸ்திரியர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், எரிவாயு விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் ஆவார். அந்த மேண்டிலுக்குத் தேவைப்பட்ட தோரியம் மோனசைட் மணலில் கிடைத்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டதையடுத்து, மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. விளக்குக்காகத் தேடப்பட்ட அதே மணலில் நியோடிமியமும் இருந்தது என்பதும், அதன் பயன் தெரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதும் வரலாற்றின் வேடிக்கை. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இன்றும் மணலைப் பிரிக்கிறது. எனினும் உலகச் சந்தையின் காந்தங்களில் பெரும்பகுதி சீனாவில் ஆனவை.

எஞ்சியது வடிவம். லூகாஸ், ரெட்ஸ்பாக், கூஃபுஸ் என்ற ஜெர்மன் மாதிரி விமானக்காரர்கள் வகுத்து, அவர்களின் முதலெழுத்துகளால் எல்.ஆர்.கே. எனப்பட்ட சுற்றுமுறையும், பழைய சிடி டிரைவ் மோட்டார்களைப் பிரித்து மீண்டும் சுற்றிய ஆர்வலர்களின் கைவேலையும், வெளிக்கூடே காந்தங்களோடு சுழலும் ‘அவுட்ரன்னர்’ வகையைப் பரப்பின. காந்தம் அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் திருப்புவிசை கூடி, பல்சக்கரப் பெட்டியின்றியே பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்ற முடிகிறது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு விளக்கமும் இவ்வடிவத்திலேயே உள்ளது. கேவி என்பது சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும் எண். அதை வலிமையின் அளவாகக் கொள்வது பரவலான பிழை. 1.2 கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் என்ற வழக்கின்படி ஏறத்தாழ 200 வாட் போதும். மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரியில் அது 18 ஆம்பியர் அளவில் வருவதால், 1000 கேவி மோட்டாரும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.யும் பொருந்தும். தெளிப்பு ட்ரோனிலோ 100 கேவி மோட்டார்கூட உண்டு. 12 செல்லின் 44.4 வோல்ட்டில் சுமையின்றி 4,440 சுற்றுகளே சுழன்றாலும், 30 அங்குலப் புரொப்பல்லரை அதுவே சுமக்கிறது. ஆகவே எடையிலிருந்து புரொப்பல்லருக்கும், அதிலிருந்து கேவிக்கும் வருவதே சரியான வரிசை. 2212 என்ற எண் சிலரிடம் உள்ளிரும்பின் விட்டம் 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்பதைக் குறிக்க, வேறு சிலர் வெளிக்கூட்டை அளந்து அதே மோட்டாரை 2830 என்று விற்பதால், எண்ணை மட்டும் நம்பி வாங்குவது தகாது.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. நியோடிமியம் காந்தத்தில் இரும்பே மிகுதி என்பதால் நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் உப்புக்காற்று துருவேற்றும். சாதாரண வகைகள் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும். வேளாங்கண்ணி போன்ற ஊரில் பறக்கவிடுவோர் கூடுதல் வாட்டுக்குச் செலவிடும் பணத்தை நல்ல பேரிங்குக்கும் முழுமையான பூச்சுக்கும் செலவிடுவதே மேல்.