மளிகைச் சீட்டும் குருதித் துளியும்

என் தந்தையார் திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்திவந்தார். வீடுகளிலிருந்து சிறுபிள்ளைகள் கொண்டுவரும் சீட்டை வாங்கிப் பார்த்தவுடனே, அந்த வீட்டில் அன்று என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். நொய்யரிசி, மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு என்று எழுதியிருந்தால், "யாருக்கடா காய்ச்சல்?" என்று கேட்பார். முந்திரி, ஏலக்காய், நெய், ரவை என்று இருந்தால், "அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்களா?" என்பார். பையன் வியந்து நிற்பான். வீட்டார் வாய்விட்டுச் சொல்லாததைக்கூடச் சீட்டு சொல்லிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனால் தம் வீட்டில் நடந்துகொண்டிருந்ததை அவரால் அவ்வாறு படிக்க முடியவில்லை. எங்களில் எவராலும் முடியவில்லை.

1966-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்கு இருமல் தொடங்கியது. இரண்டு மாதம் கடுக்காயும் அதிமதுரமும் தின்று பார்த்தார். ஒருநாள் கைக்குட்டையில் குருதி தெரிந்தது. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். அக்காலத்தில் அச்சொல் ஒரு வீட்டின்மேல் விழுந்தால், வாசற்படி ஏறுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். கடைக்கு வந்த சீட்டுகளும் குறைந்தன. அப்பாவை எங்கேனும் தொலைவிலுள்ள காசநோய் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கும், கடையை மூடவேண்டியிருக்கும் என்று அம்மா அஞ்சினார்கள். மருத்துவரோ, வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு என்பதை நான் ஆசிரியை ஆன பிறகே படித்தறிந்தேன். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து சென்னையில் ஒரு காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தை நிறுவின. நோயுற்றோரில் ஒரு சாராரைக் காசநோய் இல்லத்திலும், மறு சாராரை அவர்களுடைய எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பற்றவில்லை என்பதும் தொடர்ந்து தெரியவந்தது. சென்னையில் குடிசைவாழ் மக்கள் செய்த உதவியால் எங்கள் கடை மூடப்படாமல் நின்றது என்றுதான் நான் எண்ணிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு மருந்து தொடங்கியதும் எங்கள் நால்வருக்கும் முன்கையில் ஊசி போட்டார்கள். மாண்டூக்ஸ் சோதனை என்பது அதன் பெயர். காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைத் தோலில் செலுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அவ்விடம் தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். எனக்கும், மூத்த தங்கைக்கும், ஏழு வயதுத் தம்பிக்கும் தடித்திருந்தது. கடைசித் தங்கைக்கு ஒன்றுமில்லை.

"இதில் யார் படுத்துக்கொள்வார்கள், ஐயா?" என்று அம்மா மருத்துவரைக் கேட்டார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அம்மா, கிருமி உள்ளே புகுந்து, உடல் அதை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை மட்டுந்தான் இந்தத் தடிப்பு சொல்லும். கிருமி புகுந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆயுள் முழுவதும் நோயின்றியே இருப்பார்கள். அந்த ஒருவர் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது" என்றார். எங்களுக்கு மருந்து ஏதும் தரப்படவில்லை. நன்றாகச் சாப்பிடச் சொன்னார்.

அந்த ஒருவன் என் தம்பி. அதை நாங்கள் அறிந்துகொண்டது 1968இல். அதற்கு முந்திய ஆறேழு மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவன் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் திண்ணையில் படுத்துவிடுவான். விளையாடப் போகமாட்டான். கணக்குப் போடச் சொன்னால் அழுவான். இருமலில்லை, கையைத் தொட்டால் சுடவுமில்லை. அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சோம்பேறி என்று பலமுறை ஏசினேன். இருமுறை அடிக்கோலாலும் அடித்தேன். பின்னர்க் காய்ச்சல் வந்து, ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது வலது நுரையீரலில் நோய் பரவியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நாள்தோறும் போட்டார்கள். நோய் நீங்கியது. ஆனால் அம்மருந்து சிலருக்குச் செவியைத் தாக்கும். தம்பியின் வலக்காது அன்று போனது போனதுதான்.

அவன் மகள் நுண்ணுயிரியல் படித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, "என்ன வேலைதான் செய்கிறாய், எனக்கும் புரியும்படி சொல்லேன்" என்று கேட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மாணவியாவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

அவள் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் சுமார் 20,000 மரபணுக்கள் அடங்கிய ஒரே நூல் இருக்கிறது. அந்நூல் மாறுவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை ஒவ்வோர் உயிரணுவும் தன் தேவைக்கேற்பத் தீர்மானிக்கிறது. திறந்த பக்கத்திலுள்ள செய்முறையை ஆர்.என்.ஏ. என்னும் சிறு நகலாக எழுதி வெளியே அனுப்புகிறது. அந்த நகலைக்கொண்டே புரதங்கள் செய்யப்படுகின்றன. கிருமி நுழைந்ததும் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் வழக்கமான நகல்களைக் குறைத்து, போருக்கு வேண்டியவற்றை மிகுதியாக எழுதத் தொடங்கும். ஆகவே அந்த நகல்களை எண்ணிப் பார்த்தால், உடல் அந்நேரத்தில் எதை எதிர்த்து என்ன செய்கிறது என்பதைப் படித்துவிடலாம்.

"சீட்டு!" என்றேன் நான்.

"என்ன அத்தை?"

உன் தாத்தா செய்த வேலையைத்தான் நீயும் செய்கிறாய் என்று சொல்லி, மளிகைச் சீட்டுகளின் கதையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு, "ஆனால் அத்தை, எங்கள் சீட்டுகள் விரைவில் கிழிந்துபோகும்" என்றாள். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைந்துவிடுமாம். எனவே குருதி எடுக்கும் குழாயிலேயே அதைக் காக்கும் திரவத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டரை மில்லி குருதி போதுமாம்.

ஒரே நேரத்தில் பல மரபணுக்களின் நகல்களை அளக்கும் கலை 1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 45 மரபணுக்களோடு, ஒரு சிறு செடியைக்கொண்டு தொடங்கியது. கண்ணாடித் தகட்டில் நுண்புள்ளிகளாக மரபணுத் துண்டுகளைப் பதித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய நகல்களை அதன்மேல் பரப்புவார்கள். ஒவ்வொரு நகலும் தன் இணையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்பதே கணக்கு. சில ஆண்டுகளிலேயே ஒரு தகட்டில் மனிதரின் எல்லா மரபணுக்களையும் பார்க்க முடிந்தது.

காசநோயில் இதைக்கொண்டு செய்த பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. லண்டனின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆன் ஓகாரா என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், லண்டனிலும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலும் நோயுற்றோரின் குருதியை ஆராய்ந்தார்கள். மேலே நான் குறித்த இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையந்தான் அது. நோயுற்றோரிடம் 393 நகல்கள் ஒரு தனிக்கோலத்தில் அமைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். நுரையீரலில் நோய் எவ்வளவு பரவியிருந்ததோ அவ்வளவு அழுத்தமாக அக்கோலமும் இருந்தது. மருந்து தொடங்கிய இரண்டு மாதத்தில் அது மங்கியது, ஓராண்டில் மறைந்தது.

அவர்களுக்கே வியப்பளித்த செய்தி ஒன்றுண்டு. மிகுதியாக எழுதப்பட்ட நகல்களில் பல, இன்டர்ஃபெரான் என்னும் பொருள் தூண்டி எழுதவைத்தவை. இன்டர்ஃபெரான் என்பது வைரசுகளை எதிர்க்க உடல் செய்யும் பொருள். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் அதைக் கண்டறிந்ததும் அதே மில் ஹில் நிலையத்தில்தான். வைரசுக்கென்று வைத்திருந்த ஆயுதத்தைக் காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் ஏன் எடுக்கிறது? அது உதவியா, கேடா? எலிகளில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், அவ்வாயுதம் மிகும்போது கிருமிக்கே வாய்ப்பாகிவிடுகிறது என்று தோன்றுகிறது. நகல்களைப் பாராமல் இப்படியொரு கேள்வியே எழுந்திராது.

என் மனத்தைத் தொட்டது மற்றொன்று. கிருமி புகுந்தும் நோயின்றி இருந்தவர்களில், அதாவது முன்கை தடித்த எங்களைப் போன்றோரில், நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரிடம் நோயுற்றோரின் கோலமே தெரிந்ததாம். அவர்கள்தாம் பின்னர் நோயுறப் போகிறவர்களோ?

இதற்கு விடை தேடித் தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் குருதி எடுத்துவைத்து, அவர்களை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 46 பேருக்குக் காசநோய் வந்தது. நோய் வருமுன்பே எடுத்துவைத்திருந்த அவர்களுடைய குருதியையும், நோயுறாதவர்களின் குருதியையும் ஒப்பிட்டபோது, 16 மரபணுக்களின் நகல்கள் வேறுபட்டிருந்தன. நோய் வெளிப்படுவதற்கு முந்திய ஓராண்டில், நோயுறப் போகிறவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவரை அவற்றால் அடையாளம் காண முடிந்தது. 2016இல் இது வெளியாயிற்று. அப்பகுதியைத் தம்பி மகள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அவளைப் பாராமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த பிள்ளையின் குருதியில் அப்போதே எல்லாம் எழுதப்பட்டிருந்தது. நான் கையில் அடிக்கோலோடு நின்றேன்.

"அப்படியானால் இன்று எல்லார்க்கும் இச்சோதனையைச் செய்துவிடலாமே?" என்றேன்.

"அவசரப்படாதீர்கள், அத்தை" என்றாள். சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரசு வந்தாலும் இன்டர்ஃபெரான் நகல்கள் எழுதப்படும். ஆகையால் தடுமன் பிடித்தவரையும் காசநோய்க்கு உரியவர் என்று சோதனை தவறாகச் சொல்லிவிடக்கூடும். அப்பா பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வீட்டில் சிலவேளை மைத்துனர் மட்டும் வந்திறங்கியிருப்பார் அல்லவா, அதுபோல. அடுத்த ஏமாற்றம் இதைவிடப் பெரிது. தென்னாப்பிரிக்காவிலேயே சுமார் 2,900 பேரைக்கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 11 மரபணுக்களைப் பார்க்கும் சோதனையில் ஆபத்து என்று தெரிந்தவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். யார் நோயுறக்கூடும் என்பதைச் சோதனை ஓரளவு சரியாகவே காட்டியது. ஆனால் மருந்துண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் இடையே, நோய் வந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை. கோலம் தெரியும் வேளையில் நோய் உள்ளே வேரூன்றிவிட்டதோ, அதற்கு அந்தச் சிறு மருந்து போதவில்லையோ என்று எண்ணுகிறார்கள்.

விரல்நுனியில் ஒரு துளி எடுத்து, மூன்று மரபணுக்களை மட்டும் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் விடை தரும் சோதனையும் ஆராயப்பட்டு வருகிறது. சளி துப்பத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு அது பெரிதும் உதவக்கூடும். அதுவரை, வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களை உடனே சோதித்து, நோயில்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதே நம் நாட்டில் பின்பற்றப்படும் வழி. யாரென்று தெரியாததால் எல்லார்க்கும் கொடுக்கிறார்கள். 1966இல் எங்கள் வீட்டில் அதுவும் நடக்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றிருந்தால், வாசக அன்பர்கள் வெட்கம் பாராமல் மருத்துவமனைக்குச் சென்று இதைக் கேட்டுப் பெறலாம். சோர்ந்து படுக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள்; எடை குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி சந்தையிலிருந்து வந்துவிட்டான். அவனுக்கும் இப்போது அறுபது கடந்துவிட்டது. என்ன பேச்சு என்று கேட்டவனிடம், மகள் அவன் இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டான்.

"என்னுடைய சீட்டு இப்போது கிடைக்குமா?" என்றான்.

"அதெல்லாம் அன்றைக்கே கிழிந்துபோயிற்று, அப்பா. படத்தில் அந்தச் சுண்ணாம்புத் தழும்பு மட்டுந்தான் இருக்கும்."

"நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அக்கா அதற்கும் திருத்தம் போட்டிருப்பாள்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையை என்னிடம் நீட்டினான்.